தானாக ரீஸ்டார்ட் ஆன கணினி

போன கோடையில் வீட்டுக் கணினி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆனது. கணினியில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று மட்டும் இருந்தது. முறையாக நிறுத்தாமல் அணைந்துபோனது என்றுதான் அதற்கு அர்த்தம். காரணத்தை அது சொல்லாது. வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி போட்டதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண்.

அப்புறம்தான் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரை) போய் பிராசஸரின் வெப்பநிலையைப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 88 டிகிரி! அந்தச் சூட்டில்தான் கணினி அணைந்து ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினால், பிராசஸர் ஃபேனுக்கு அடியில் கம்பளி மாதிரி தூசி. பிராசஸரின் சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கின் ஒரு மூலையில் பின் விட்டுப்போய் ஆடியது. தூசியைப் பிரஷ்ஷால் எடுத்து, பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும், காய்ந்து பொடியாகிக் கிடந்த பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பட்டாணி அளவு புது தெர்மல் பேஸ்ட் வைத்து, நான்கு பின்னும் ‘டிக்’ என்று விழும்வரை அழுத்தினேன்.

இப்போது 42 டிகிரி. மகளின் ஆன்லைன் வகுப்பு அதன்பின் ஒருமுறைகூட அறுந்ததில்லை.