புதிய எஸ்பிரெஸ்ஸோ கலவைக்கு வீட்டில் பதம் காணும் முறை

சேலத்தில் காபிக்கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைகளில் புதிய கலவை ஒன்றைக் கேட்டால், சிக்கரி எத்தனை சதவீதம் என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும். வெந்நீரை அழுத்தத்தில் தூளுக்குள் செலுத்திக் காபி இறக்கும் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்துக்குச் சிக்கரி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அது வெந்நீர் பட்டதும் குழைந்து நீர் இறங்கும் வழியை அடைத்துவிடும். கொட்டையை அரைக்காமல் வாங்கி, வறுத்த தேதி, அராபிக்கா, ரோபஸ்டா என்ற இரு காபி வகைகளும் கலந்த விகிதம், வறுவலின் அளவு ஆகிய மூன்றையும் கேட்டுப் பையின் மீதே குறித்துக்கொள்வது நல்லது. பிளாண்டேஷன் ஏ, பீபரி போன்ற பெயர்கள் கொட்டையின் அளவையும் வடிவையும் பதப்படுத்திய முறையையும் குறிக்கின்றனவே தவிர, கோப்பையில் என்ன சுவை வரும் என்பதைச் சொல்வதில்லை.

வறுத்த மறுநாளே இயந்திரத்தில் இட்டால், கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு நுரையாகப் பொங்கி, நீர் தூளுக்குள் சீராக இறங்குவதைத் தடுக்கும். ஆகவே ஏழு முதல் பத்து நாள் வரை பையை மூடி வைத்திருப்பது உத்தமம். கருக வறுத்த கலவைக்கு இதைவிடக் குறைவான நாளே போதும்.

அந்த இடைவெளியில் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பலரும் இதைத் தவிர்த்துவிட்டு நேராக இயந்திரத்துக்குப் போகிறார்கள். பிறகு கோப்பையில் தெரியும் குறை கொட்டையுடையதா, தயாரிப்புடையதா என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். 11 கிராம் கொட்டையை ரவைப் பருவத்தில் கொரகொரப்பாக அரைத்து, கண்ணாடி டம்ளரில் இட்டு, 200 மில்லி வெந்நீரை ஊற்றி, நான்கு நிமிடம் அசைக்காமல் விட வேண்டும். சேலத்தில் நீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிப்பதால் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுத்து ஊற்றலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் கொதித்த உடனே ஊற்ற வேண்டும். பின்னர் மேலே படிந்த தூளைக் கரண்டியால் விலக்கி முகர்ந்து, நுரையை எடுத்துவிட்டு, சூடாக ஒரு வாய், வெதுவெதுப்பாக ஒரு வாய், ஆறிய பிறகு ஒரு வாய் என்று உறிஞ்சிப் பார்க்கவும். ஆறிய காபியே கொட்டையின் உண்மையான இயல்பைக் காட்டும். அதில் புளிப்பு, இனிப்பு, கசப்பு, துவர்ப்பு ஆகியவை எந்த அளவில் தெரிந்தன என்பதை எழுதி வையுங்கள். இயந்திரத்தில் இறக்கும் ஒவ்வொரு கோப்பையையும் இந்தக் குறிப்போடுதான் ஒப்பிடப்போகிறோம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்றும், இரு பல்சக்கரங்களுக்கு இடையே கொட்டையைச் சீராக நசுக்கி அரைக்கும் கிரைண்டர் (burr grinder) ஒன்றும் போதும். மிக்ஸியில் அரைத்த தூள் நைசும் பருமனுமாகக் கலந்திருப்பதால் எஸ்பிரெஸ்ஸோவுக்கு உதவாது. தூளை இடும் துளையிட்ட கிண்ணத்தைக் கூடை என்பார்கள். இயந்திரத்தோடு வரும் இரட்டை அடித்தளக் கூடை செயற்கையான நுரையை உண்டாக்கி அரைவையின் குறையை மறைத்துவிடும் என்பதால், ஒற்றை அடித்தளக் கூடையைப் பயன்படுத்துவது நல்லது.

தொடக்க அளவாக 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம் காபி, அது இறங்க 25 முதல் 30 நொடி என்று வைத்துக்கொள்ளலாம். தூளைக் கூடையில் கட்டியில்லாமல் பரப்பி மட்டமாக அழுத்துவதே முக்கியம். எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது அவ்வளவு முக்கியமல்ல. 18 கிராம் என்ற எடையை மாற்றாமல், அரைவையை மட்டும் மாற்றிச் சுவைக்க வேண்டும். செட்டிங்கை மாற்றிய பின் கிரைண்டருக்குள் தங்கியிருக்கும் பழைய தூள் வெளியேறச் சில கிராம் கொட்டையை அரைத்துக் கொட்டிவிடுவது அவசியம். வீணாகிறதே என்று மனம் பதைக்கத்தான் செய்யும்; ஆனால் அதைச் செய்யாவிட்டால் அடுத்த கோப்பை பழைய அரைவையின் சுவையையே காட்டும்.

நொடிக்கணக்கை வேதவாக்காகக் கொள்பவர்கள் பலர். நேரம் என்பது அரைவை ஏறத்தாழச் சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. இறுதி முடிவை நாக்குதான் சொல்ல வேண்டும். நம் ஊர் நாக்குக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிக்கரி கலந்த டிகாஷனில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடித்துப் பழகியவர்களுக்குக் காபியில் எந்தப் புளிப்பும் குறையாகவே படும். ஆனால் சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் நிழலில் விளையும் அராபிக்காவை மிதமாக வறுத்தால், ஏற்காட்டு ஆரஞ்சில் இருப்பதைப் போன்ற, இனிப்போடு சேர்ந்த புளிப்பு அதில் இயல்பாகவே இருக்கலாம். சாறு போதுமான அளவு இறங்காததால் வரும் புளிப்பு வேறு: நாக்கின் ஓரங்களைச் சுரீரென்று தாக்கி, சிறிது உப்பும் காட்டி, பின்சுவை எதுவும் இல்லாமல் சட்டென்று மறைந்துவிடும். டம்ளரில் ஆறவைத்துச் சுவைத்தபோது இதமான புளிப்பு இருந்து, இயந்திரத்தில் கடுமையான புளிப்பு வந்தால் அரைவையை ஒரு படி நைசாக்கவும். டம்ளரில் இருந்த அதே இதமான புளிப்புதான் இயந்திரத்திலும் வந்தது என்றால், அதைப் போக்க முயல்வது கொட்டையின் இயல்போடு மல்லுக்கு நிற்பதாகும். வேறு கலவை வாங்குவதே மேல்.

எதிர்ப்பக்கத்தில், தொண்டையில் தங்கும் கசப்பும் வாயை உலர்த்தும் துவர்ப்பும் வந்தால் அரைவையைக் கொரகொரப்பாக்க வேண்டும், அல்லது 36 கிராமுக்குப் பதிலாக 32 கிராமில் நிறுத்த வேண்டும். புளிப்பும் துவர்ப்பும் ஒரே கோப்பையில் சேர்ந்து வந்தால் அரைவையின் மீது பழி போடாதீர்கள். நீர் ஒரு பக்கமாக வழி கண்டு ஓடியிருக்கும் என்பதால், தூளைப் பரப்பும் முறையைச் சரிபார்க்கவும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று விளங்கவில்லையானால், ஒரே இறக்கத்தை மூன்று டம்ளர்களில் அடுத்தடுத்துப் பிடித்துத் தனித்தனியாகச் சுவைத்துப் பாருங்கள். முதலாவதில் புளிப்பும் அடர்த்தியும், இரண்டாவதில் இனிப்பும், மூன்றாவதில் நீர்த்த கசப்பும் மேலோங்கும். மூன்றாவது டம்ளரை எவ்வளவு சேர்த்துக்கொள்ளலாம் என்பது அப்போது தானாகவே விளங்கும்.

வெப்பநிலையை மாற்றும் வசதி இருந்தால், கருக வறுத்ததற்கு 90 டிகிரியையும் மிதமாக வறுத்ததற்கு 94 டிகிரியையும் ஒட்டித் தொடங்கலாம். இயந்திரத்துக்குள் நீர் அழுத்தத்தில் இருப்பதால், மலையின் உயரம் இங்கே தடையாவதில்லை. பாலோடு குடிப்பவர்கள் பாலோடுதான் இறுதிச் சுவை பார்க்க வேண்டும். 20 அல்லது 30 சதவீதம் ரோபஸ்டா கலந்த கலவை தனியே முரடாகத் தெரிந்தாலும், பாலில் அதன் திடம் அழகாக நிற்கும்.

தண்ணீரும் கெடுக்கும். கடினமான ஆழ்துளைக் கிணற்று நீர் அராபிக்காவின் புளிப்பை மழுக்கிக் கொதிகலனில் உப்புப் படியச் செய்கிறது. தாதுக்கள் பெரும்பாலும் நீங்கிய ஆர்.ஓ. நீரில் சுவை வெறுமையாகிறது. இரண்டையும் கலந்து டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள தாதுக்களின் அளவு) லிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரை இருக்குமாறு வைத்துக்கொள்ளலாம்.

பதம் கிடைத்துவிட்டாலும் அது நிலையாக இருப்பதில்லை. பை திறந்து நாளாக ஆக வாயு வெளியேறி நீர் விரைவாக இறங்கத் தொடங்கும். சில நாளுக்கு ஒருமுறை அரைவையைச் சற்று நைசாக்கிக்கொண்டே போக வேண்டும். ஏற்காட்டில் மூடுபனி சூழ்ந்த காலத்தில் ஈரப்பதத்தாலும் இறங்கும் வேகம் மாறுவதால், காலையில் முதல் கோப்பையைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். எவ்வளவு நைசாக்கினாலும் க்ரீமா, அதாவது காபியின் மேலே நிற்கும் பொன்னிற நுரை, மெலிந்து இனிப்பு திரும்பவில்லையென்றால் கொட்டை பழசாகிவிட்டது. மீதியைச் சற்றுப் பருமனாக அரைத்துப் பித்தளை ஃபில்டரில் போட்டு டிகாஷனாக இறக்கிவிடலாம்.