வாத்தியார் இல்லாமல் பியானோ பழகுகிறீர்களா? இடது கையை மடியில் வைக்காதீர்கள்

திருப்பூர், ஈரோடு, கோபி, பொள்ளாச்சி என்று நம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் கீபோர்டு வாங்கி வைத்திருக்கும் வீடு நாலாவது இருக்கும். ஆனால் வாங்கி ஒரு வருஷம் ஆன வீட்டில் வாசிக்கச் சொல்லிக் கேட்டால், வலது கை இரண்டு விரலில் ஒரு பல்லவியை வாசிக்கும், தாளத்தை மெஷினே போட்டுக்கொள்ளும், இடது கை மடியில் சும்மா கிடக்கும். சரணம் வராது. தானாகப் பழகுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் நின்றுபோகிற இடம் இதுதான். அதனால் இந்தக் குறிப்பில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றே ஒன்று: இடது கைக்கு முதல் நாளே வேலை கொடுங்கள். பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் வலது கை தனியாக வேகம் பிடித்துவிடும், அப்புறம் அதை இடது கைக்காக நிறுத்திவைக்க மனசு வராது.

முதலில் கருவி. நிஜப் பியானோவில் 88 கட்டைகள், 52 வெள்ளை, 36 கறுப்பு. அதை வாங்கினால் ஸ்ருதி சேர்க்க ஆள் தேட வேண்டும், தூக்கி வைக்கவே நாலு பேர் வேண்டும், ஆரம்பத்துக்கு அது வேண்டாம். 61 கட்டை கீபோர்டு போதும், ஆனால் கட்டைகள் பியானோ அளவில் இருக்க வேண்டும், குழந்தைகளுக்கான குட்டிக் கட்டை வேண்டவே வேண்டாம். கடையில் ஒரே கட்டையை மெதுவாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை தட்டிப் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே சத்தம் வந்தால் அதை வாங்காதீர்கள். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி ஏறி இறங்குவதுதான் பியானோவின் உயிர். 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி இந்தக் கருவியைச் செய்ததே அதற்காகத்தான், அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டு என்ற கருவியில் விரலை எப்படி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய கீபோர்டு வாங்குவதானால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எல்லாக் கட்டையையும் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பல்லடம், சோமனூர் மாதிரி தறி ஓடும் ஊர்களில் பஞ்சுத் தூசி கட்டைக்கு இடையில் இறங்கும், வாசித்து முடித்ததும் ஒரு துணி போட்டு மூடுங்கள். ஹெட்போன் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிறவர் யாரையும் எழுப்பாமல் வாசிக்கலாம், தறிச் சத்தத்துக்கு நடுவிலும் உங்கள் ஸ்வரம் உங்களுக்குக் கேட்கும்.

கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்து வாசிக்கக் கூடாது. ஸ்டாண்டு, கை வைக்காத நாற்காலி. முழங்கை கட்டையின் மட்டத்தில் இருக்க வேண்டும், தோள் தூக்கக் கூடாது. உள்ளங்கைக்குள் ஒரு நாட்டுக்கோழி முட்டை இருக்கிற மாதிரி விரல்களை வளைத்து, நுனியால் தட்டுங்கள். வலித்தால் உடனே நிறுத்துங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசித்தால் விரல் பழகாது, மணிக்கட்டு கெடும்.

கட்டைகளை எப்படி அடையாளம் காண்பது? கறுப்பு இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் நிற்கும். இரண்டு நிற்கும் கும்பலுக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் இருக்கும் வெள்ளைதான் சி, சுருதிக்கு நம்மவர்கள் சொல்லும் ஒரு கட்டை. 61 கட்டையில் ஆறு சி உண்டு, இடமிருந்து மூன்றாவது நடு சி. சி-யிலிருந்து வலப்பக்கமாக வெள்ளைகளின் பெயர் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி, அப்புறம் மறுபடி சி. எல்லாக் கட்டையிலும் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், கண் ஸ்டிக்கரை விட்டு நகராது.

முதல் வாரம் வெள்ளைப் பக்கமே போகாமல் கறுப்பில் மட்டும் வாசித்துப் பாருங்கள். மூன்று கறுப்பு நிற்கும் கும்பலின் முதல் கறுப்பு நாலரைக் கட்டை. அதை ஸ என்று வைத்து வலப்பக்கமாகக் கறுப்பை மட்டும் தட்டிக்கொண்டு போனால் ஸ ரி க ப த, அப்படியே மோகனம். இடது கையின் சுண்டு விரலைக் கீழே உள்ள நாலரையிலும், கட்டை விரலை அதன் பஞ்சமத்திலும் வைத்து (அதாவது ப, இரண்டு நிற்கும் கும்பலின் முதல் கறுப்பு) தம்பூரா மாதிரி நாலு எண்ணிக்கைக்கு ஒருமுறை அழுத்துங்கள். வலது கை மேலே மனசுக்குத் தோன்றியபடி நடக்கட்டும், எதைத் தொட்டாலும் தப்பாகக் கேட்காது. இரண்டு கையும் முதல் நாளே ஒன்றாக வேலை செய்துவிட்டன, பார்த்தீர்களா?

அடுத்து சி மேஜர், அதாவது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், வெள்ளைக் கட்டைகள் மட்டும். பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்குக் காது மாயாமாளவகௌளையில் பழகியிருக்கும், அதில் ரியும் தவும் கறுப்பில் விழும் என்பதால் முதலில் கொஞ்சம் இடிக்கும், போகப்போகச் சரியாகிவிடும். ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் பியானோவில் வராது, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே சுருதிதான். அதை எதிர்பார்க்காமல் வாசியுங்கள்.

விரல்களுக்கு எண் உண்டு: கட்டை விரல் 1, சுண்டு விரல் 5, இரண்டு கைக்கும் அப்படியே. எட்டு ஸ்வரத்துக்கு ஐந்து விரல் போதாது, இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வலது கையில் 1, 2, 3 என்று ஸ ரி க வாசித்துவிட்டு, ம-வுக்கு மறுபடி 1 வர வேண்டும், அப்புறம் 2, 3, 4, 5. கட்டை விரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து போகும். க-வை வாசித்து முடித்த பிறகு அதைத் தூக்கிப் போட்டால் தாமதமாகிவிடும், முழங்கை வெளியே பறக்கும், ம மட்டும் தடாரென்று விழும். 2 ரி-யைத் தொட்ட நொடியிலேயே கட்டை விரல் உள்ளே நகரத் தொடங்க வேண்டும், 3 க-வை அழுத்தும்போது அது ம-வின் மேல் தயாராக நிற்க வேண்டும். இந்த ஒரு நுழைவை மட்டும், க-ம, க-ம, க-ம என்று, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழும் அளவுக்கு நிதானமாக வாசித்துப் பழகுங்கள்.

இரண்டு கையிலும் ஸ்கேல், அதாவது ஸ்வரங்களை வரிசையாக, வாசிக்க எல்லோரும் இரண்டையும் ஒரே திசையில் ஓட்டுவார்கள். அதில் விரல் எண்கள் முட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் இரண்டு கட்டை விரலையும் நடு சி-யில் வைத்து, வலது கையை வலப்பக்கமும் இடது கையை இடப்பக்கமும் விரித்துக்கொண்டு போங்கள். இரண்டு கைக்கும் 1 2 3 1 2 3 4 5 ஒன்றாகவே வரும், கட்டை விரல்கள் ஒரே நேரத்தில் அடியில் நுழையும். இது கைக்கு வந்த பிறகு ஒரே திசையில் வாசித்தால் பாதிக் கஷ்டம் குறைந்துவிடும்.

இனி பாட்டு. காதில் ஊறிய மெட்டாக எடுங்கள், வள்ளிக்கும்மி மெட்டு தெரிந்திருந்தால் அதுவே நல்லது, கைதட்டு எங்கே விழும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் வாய்விட்டுப் பாடுங்கள், அப்புறம் கட்டையில் தேடுங்கள். மெட்டு கிடைத்ததும் இடது கையில் தட்டு விழும் இடங்களில் ஒரே ஒரு ஸ்வரம், அடுத்த வாரம் அதோடு பஞ்சமம், அதற்கடுத்து மூன்று ஸ்வரத்தை ஒன்றாக அழுத்தும் முழு கார்ட். சி கார்ட் என்றால் சி-இ-ஜி, விரல் 5 3 1. எஃப் கார்டை எஃப்-ஏ-சி என்று தேடி ஓடாமல் சி-எஃப்-ஏ என்று பிடியுங்கள், விரல் 5 2 1. ஜி கார்டை பி-டி-ஜி என்று பிடியுங்கள். சுண்டு விரல் இருந்த இடத்திலேயே கிட்டத்தட்ட நிற்கும், கை குதிக்க வேண்டியதில்லை. இந்த மூன்றோடு ஏ-சி-இ என்ற ஏ மைனரும் கைக்கு வந்தால் எத்தனையோ எளிய மெட்டுகளுக்கு அது போதும்.

மெஷின் ரிதத்தை அணைத்துவிடுங்கள். அது போடும் பேஸும் கார்டும் உங்கள் இடது கை செய்ய வேண்டிய வேலை. சீராகத் தட்டு மட்டும் போடும் மெட்ரோனோம் போட்டு, நிமிஷத்துக்கு 60 தட்டில் ஆரம்பித்து, தப்பில்லாமல் மூன்று முறை வந்தால் 64 என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் பாட்டை முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அப்படிச் செய்தால் முதல் வரி மட்டும் பளபளவென்று இருக்கும், நாலாவது வரி என்றைக்கும் தடுக்கும். தடுக்கிற அந்தச் சின்னத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதை விடத் தினமும் இருபது நிமிஷம் நல்லது, அதில் ஐந்து நிமிஷம் இடது கைக்கு மட்டும்.

நொட்டேஷன், அதாவது ஸ்வரங்களை ஐந்து கோட்டில் எழுதும் முறை, படிக்கக் கற்க வேண்டுமா என்றால், கண்டிப்பாக, ஆனால் இரண்டாவது மாதத்திலிருந்து. நடு சி-யை மேல் ஐந்து கோட்டுக்குக் கீழே ஒரு சின்னக் கோட்டில் எழுதுவார்கள், அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறுங்கள், தினமும் இரண்டு வரி படித்தால் போதும்.

“நாப்பது வயசுக்கு மேல விரல் வளையுமாங்க?” என்று கேட்கிறார்கள். வளையும். குழந்தைக்கு வேகம் அதிகம், உங்களுக்குப் பாட்டுக் கேட்ட வருஷங்கள் அதிகம்.

சி, ஜி, எஃப் ஸ்கேல்கள் இரண்டு கையிலும் வந்த பிறகு ஒருமுறை நேரில் யாரிடமாவது கையைக் காட்டுங்கள். பக்கத்துச் சர்ச்சில் வாசிக்கிறவர் இருந்தால் அவரே போதும். பாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். மணிக்கட்டு தொங்குகிறதா, கட்டை விரல் நேரத்துக்கு நுழைகிறதா, இடது கை சத்தம் வலது கையை அமுக்குகிறதா என்று இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துவது மாதிரி கிரேடு தேர்வு எழுத ஆசை இருந்தால் அதற்கான ஆசிரியரைத் தேட வேண்டிய நேரமும் அதுதான்.