அரிசிக் கோலத்தில் யாளி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

மயில், அன்னம், தாமரை ஆகியவற்றை வண்ண அரிசியில் ஓரளவு போடப் பழகிவிட்டு, அடுத்து எதை முயலலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் விரிகிற கோலங்களில் பெரும்பாலானவை மயிலாகவே இருக்கின்றன. மயிலின் அழகில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் பிதுங்கிய கண்களும் கொண்ட யாளியைத் தமிழ்ச் சிற்பிகள் நூற்றாண்டுக் கணக்கில் கல்லில் வடித்தெடுத்திருக்க, நம் பிள்ளைகளில் பலருக்கு அதன் பெயரே தெரியாதிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. சிங்கப்பூரின் மெர்லயன் 1964-இல் ஒரு சின்னமாக வரையப்பட்டு, 1972-இல் சிலையாக நின்றது. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட அதை இங்குள்ள எந்தச் சிறுவனும் உடனே அடையாளம் சொல்கிறான். யாளியையும் அவன் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதே என் விருப்பம்.

யாளியைத் தேர்ந்தெடுப்பதற்கு நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. முருகனையோ இலட்சுமியையோ தரையில் வரைந்தால், கால் படும் இடத்தில் தெய்வத்தை வைக்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. யாளி காவல் உருவம், வாகனமாகவும் வருவது. வாசலில் இருப்பது அதற்கு இயல்பு. ஆகவே அந்தச் சங்கடம் எழுவதில்லை.

எல்லைக்கோடு கட்டுவது, உள்ளே நிரப்புவது, ஓரத்தைச் சீர்செய்வது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று கொண்டே தொடங்குகிறேன்.

எந்த யாளி?

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் யாளிகள் வரிசையாக ஓடுகின்றன. மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் உள்ள புலிக்குகையில், முன்மேடையைச் சுற்றி 11 யாளித் தலைகள் வளைவாக அமைந்திருக்கின்றன. வேலூர் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்திலும் மதுரைப் புதுமண்டபத்திலும் தூணை ஒட்டிப் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் பெரிய யாளிகளைக் காணலாம். படங்களை இணையத்தில் தேடும்போது இந்த இடங்களின் பெயரைச் சேர்த்தே தேடுங்கள். "யாளி" என்று மட்டும் தேடினால், பச்சைகுத்துவதற்காக வரையப்பட்ட படங்களும் விளையாட்டுகளுக்கான கணினி ஓவியங்களும் கலந்து வரும். அவற்றில் பலவற்றில் இறக்கையும் செதிலும் ஒட்டப்பட்டு, உருவம் வேறொன்றாகவே மாறியிருக்கிறது.

தொடக்கத்துக்கு, பக்கவாட்டில் எழுந்து நிற்கும் யாளியை நான் பரிந்துரைக்கிறேன். முழு உடலும் ஒரே வளைவில் அடங்குவதால், அரிசியைப் போன்ற பருமனான பொருளில் அதுவே தெளிவாகத் தெரியும்.

தாளில் வரைதல்

12 சென்டிமீட்டர் அகலமும் 24 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தாளில் 4 சென்டிமீட்டர் கட்டங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். குறுக்கே மூன்று, மேல்நோக்கி ஆறு வரும். முதலில் வால் நுனியிலிருந்து முதுகு வழியாகக் கழுத்து வரை ஒரே வளைகோட்டை இழுங்கள். நெஞ்சு முன்தள்ளியும் இடை ஒடுங்கியும் இருக்கட்டும். தலையிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இழுத்தால் அது பின்னங்கால் பாதத்துக்கு முன்னால் விழ வேண்டும். அப்போதுதான் பாயும் தோற்றம் கிடைக்கும். கோடு பாதத்தின் மீதே விழுந்தால், யாளி நிமிர்ந்து நின்று எதையோ வேடிக்கை பார்ப்பது போல் ஆகிவிடும்.

முகத்தில் கவனிக்க வேண்டியது வாய். துதிக்கை மூக்கிலிருந்து புறப்படுகிறது. அதற்குக் கீழே வாய் திறந்து, பற்களும் நாக்கும் தெரிய வேண்டும். வாய் இருக்க வேண்டிய இடத்தையும் துதிக்கைக்கே கொடுத்துவிட்டால், உருவம் சிங்கக் கால் கொண்ட யானையாகிவிடும். கண்ணை நீங்கள் நினைப்பதைவிட இரு மடங்கு பெரிதாக வரையுங்கள். புருவம் மேல்நோக்கிச் சுருளட்டும். பிடரி மயிரைத் தனித்தனி இழைகளாக வரையாமல், ஐந்தாறு தடித்த சுருள்களாக வரைந்தால் போதும்.

எங்கள் பட்டணத்தில் சீனப் புத்தாண்டுச் சிங்க நடனத்தையும், வாசலில் நிற்கும் சீனக் கற்சிங்கங்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் யாளியை வரையும்போது, தட்டை மூக்கும் பாதத்துக்கு அடியில் பந்தும் தாமாகவே வந்துவிடுகின்றன. சீனக் காவல் சிங்கத்தில் ஆண் சிங்கத்தின் பாதத்துக்கு அடியில்தான் பந்து இருக்கும். சில தென்னிந்தியக் கோயில்களில் யாளியின் வாய்க்குள் கல்லுருண்டை உருளும். இரண்டும் அருமையான மரபுகள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்காமலிருக்க, இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தரைக்கு மாற்றுதல்: பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி

தாளில் கம்பீரமாக இருந்த யாளி, தரையில் போட்டு முடித்ததும் குட்டையாகவும் சிறுதலையோடும் தோன்றுவதற்குக் காரணம் வரைபவரின் கையில் இல்லை. தாளை நாம் நேராகப் பார்க்கிறோம்; தரையை ஒரு முனையில் நின்று சாய்வாகப் பார்க்கிறோம். வட்டமான மயில் கோலத்தில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. நின்ற உருவத்தில், அதுவும் தலையே சிறப்பான உருவத்தில், எல்லாவற்றையும் அது கெடுத்துவிடும். நான் அதிக நேரம் செலவிட்டதும் இந்தப் படியில்தான்.

கணக்கு இப்படி வருகிறது. கோலத்தின் நீளம் 2.4 மீட்டர் என்றும், பார்ப்பவரின் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், அவர் கோலத்தின் கீழ்முனைக்கு 1 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்றும் கொள்வோம். அவருடைய பார்வையில் கோலத்தின் முதல் 80 சென்டிமீட்டரே ஏறத்தாழப் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும், எஞ்சிய 1.6 மீட்டர் மற்றப் பாதிக்குள் நெருக்கப்படும். தலை அந்த நெருக்கடியில்தான் சிக்குகிறது.

ஆகவே தாளில் சமமாக உள்ள ஆறு வரிசைகளையும் தரையில் சமமாகப் போடக் கூடாது. கீழிருந்து மேலாக 22, 25, 31, 39, 51, 72 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 240 வரும். அகலமும் இதற்கேற்ப விரிய வேண்டும். கீழ்முனை 1.2 மீட்டர் என்றால் மேல்முனை 2.4 மீட்டர் வரை போகலாம். கீழ்முனையில் 40 சென்டிமீட்டருக்கு ஒரு குறியும், மேல்முனையில் 80 சென்டிமீட்டருக்கு ஒரு குறியும் வைத்து, அவற்றை நூலால் இணைத்துச் சாக்பீசால் தேய்த்தால், விசிறி போல் விரியும் கட்டங்கள் கிடைக்கும். பிறகு தாளின் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கோட்டைத் தரையில் அதற்குரிய கட்டத்துக்கு மாற்றுங்கள். வேலை செய்யும்போது, அருகிலிருந்து பார்க்கையில் தலை பூதாகரமாகத் தெரியும். கை தானாகவே அதைச் சுருக்கப் பார்க்கும். சுருக்காதீர்கள். கட்டத்தை நம்புங்கள்.

கோடுகள் முடிந்ததும், ஒரு சிட்டிகை அரிசிகூடப் போடுவதற்கு முன், பார்வையாளர் நிற்கும் இடத்தில் நின்று கைப்பேசியைக் கண் உயரத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து, தாளிலுள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். திருத்தம் இருந்தால் ஈரத்துணியால் துடைத்து மாற்ற இதுவே கடைசி வாய்ப்பு. பள்ளியில் போடுவதாயின் பிள்ளைகளின் கண் மட்டம் இன்னும் தாழ்வாக இருக்கும். நெருக்கம் இன்னும் கூடும். அங்கே மண்டியிட்டும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

இரு பக்கமும் மக்கள் நடமாடும் இடத்தில் இந்த விரிவை முழுமையாகப் பின்பற்ற வேண்டாம். எதிர்முனையிலிருந்து பார்ப்பவருக்குத் தலை மட்டுமே தெரியும். அங்கே ஒவ்வொரு வரிசையையும் சம அளவாகிய 40-க்கும் மேலே தந்த எண்ணுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் போதும். நாற்புறமும் சுற்றி வருவார்கள் என்றால், நின்ற யாளியைக் கைவிட்டு, நேர்முகமாகப் பார்க்கும் யாளித் தலையை மட்டும் வட்டத்துக்குள் போடுவதே முறை.

அரிசியும் சாயமும்

4 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சதுர மீட்டரை நிரப்ப ஏறக்குறைய 3 கிலோ அரிசி வேண்டும். மேற்சொன்ன அளவுக்குப் பின்னணியும் சேர்த்து 14 கிலோ வரை ஆகும். மலிவான உடைந்த அரிசியே சிறந்தது. முழு அரிசியைவிட ஓரங்களில் நேர்த்தியாகப் படியும். உப்பைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். நம் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சி, மறுநாளே கசியத் தொடங்குவதால் நான் அதைத் தொடுவதில்லை.

தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பேராக்கில் பிற்பகல் மழை அடிக்கடி வரும். தண்ணீரில் கரைத்த சாயத்தை அரிசியில் கலந்தால், அது காயாமல் கட்டிதட்டி, புளித்த வாடையும் வீசும். கூழாக இல்லாத, நீர்மமான மதுசாரக் கைத்தூய்மியில் உணவுச் சாயப் பொடியைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு தேக்கரண்டிப் பொடியும், மூன்று மேசைக்கரண்டி நீர்மமும் போதும். நெகிழிப் பையில் இட்டுக் குலுக்கி, அகலமான தட்டுகளில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். மதுசாரம் எளிதில் தீப்பற்றும். அது முழுவதும் ஆவியாகும்வரை விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூளைப் பயன்படுத்தலாம்; ஆனால் வெயில் படும் வாசலில் அது விரைவில் வெளிறிவிடும். கறுப்புதான் எல்லாருக்கும் சிக்கல். கறுப்புச் சாயம் அரிசியில் பெரும்பாலும் சாம்பல் நீலமாகவே நிற்கிறது. கடையில் கிடைக்கும் கறுப்புப் புளுட் அரிசியை, அதாவது ஒட்டும் தன்மையுள்ள கறுப்பரிசியை, சாயமே இல்லாமல் எல்லைக்கோட்டுக்குப் பயன்படுத்துங்கள். அதன் ஆழ்ந்த நிறத்துக்கு எந்தச் சாயமும் ஈடாகாது. எள்ளும் கறுப்புதான். ஆனால் நீத்தார் கடனோடு சேர்ந்த பொருளை மங்கல நாளில் பரப்புவதைப் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள், தவிர்த்துவிடுங்கள்.

நிறங்களைக் குறைத்தே வையுங்கள். உடலுக்குப் பச்சை, பிடரிக்கு மஞ்சள், நாக்குக்குச் சிவப்பு, பல்லுக்கும் கண்ணுக்கும் சாயமிடாத வெள்ளை அரிசி. ஒரே பச்சையில் வெளிர், நடு, அடர் என மூன்று சாயல்களைச் செய்து, வயிற்றிலிருந்து முதுகு நோக்கி அடர்த்தியைக் கூட்டினால், உடல் திரண்டு எழும்.

நிரப்பும் வரிசை

தலையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். இல்லையேல் முடித்த பகுதியைத் தாண்டித் தாண்டி வேலை செய்ய நேரும். முதலில் கறுப்பு எல்லை, பிறகு கண், பல், நாக்கு, அதன்பின் உடல், கடைசியில் பின்னணி. ஓரங்களைச் சீராக்கக் கடைகளில் விற்கும் கோலக் கருவிகள் தேவையில்லை. காலாவதியான டச் அன் கோ அட்டையின் (சாலைக் கட்டணம் செலுத்தும் நெகிழி அட்டை) விளிம்பே எனக்கு மிகவும் பிடித்த கருவி. வளையும், உடையாது, அரிசியை அள்ளவும் உதவும். நுண்ணிய இடங்களுக்குத் தாளைக் கூம்பாகச் சுருட்டிக்கொள்ளுங்கள்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

வழவழப்பான ஓட்டுத் தரையில் அரிசி வழுக்குகிறது என்று சிலர் எழுதியிருந்தனர். சாயமிடாத நொய்யை மெல்லிய அடிப்படலமாகத் தூவி, அதன் மேல் வண்ண அரிசியைப் போடுங்கள். கட்டக் கோடுகள் மறைந்துவிடாமலிருக்க, முழுத் தரைக்கும் ஒரே நேரத்தில் தூவாமல் ஒவ்வொரு கட்டமாகத் தூவ வேண்டும். பசை வேண்டவே வேண்டாம். தரையிலிருந்து அதைச் சுரண்டுவது பெரும்பாடு.

சுவரற்ற தோட்டக் கோயில் மண்டபங்களில் மைனாக்களும் கோழிகளும் வந்து கொத்துகின்றன என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இரவிலும் ஆள் இல்லாத நேரத்திலும், நான்கு மூலைகளிலும் நாற்காலி வைத்து, அவற்றின் மேல் கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். வலை அரிசியைத் தொடக் கூடாது. கைத்தூய்மி கலந்த அரிசி பறவைகளுக்குத் தீனியுமல்ல. ஆகவே கோலத்தைக் கலைத்த பிறகும் அதைக் கொல்லையில் கொட்டாதீர்கள். கலந்துபோன அரிசியைக் காற்றுப் புகாத வாளியில் வைத்தால், அடுத்த கோலத்தின் பின்னணிக்கு உதவும். புளுட் அரிசியைப் பெரிய மணிகளாகப் பார்த்துத் தனியே பிரித்தெடுக்கலாம், ஆனால் சாய அரிசியோடு கிடந்ததைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. அதை இட்டு வைக்கும் புட்டியின் மேல் "கோலத்துக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.