பழைய மேசைக்கணினியில் லினக்ஸ்: நிறுவும் முன் வன்பொருளைச் சோதிக்கும் முறை

பழைய மேசைக்கணினி ஒன்றில் லினக்ஸ் ஒழுங்காக ஓடுமா என்பதை அதன் வயதை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் சில்லுகள் எவை, அவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் இன்றைய பதிப்பில் உள்ளதா என்பதைப் பொறுத்தது அது. ஆகவே ஹார்டு டிஸ்கில் எதையும் அழிப்பதற்கு முன், பென் டிரைவிலிருந்து இயங்கும் லைவ் பதிப்பில் கணினியைத் தொடங்கிச் சோதித்துவிட வேண்டும்.

64 பிட் லைவ் பதிப்பு, செயலி (பிராசசர்) போதாது என்ற செய்தியோடு தொடக்கத்திலேயே நின்றுவிட்டால், உங்களுடையது 32 பிட் செயலி. அந்நிலையில் நிறுவத்தக்க லினக்ஸ் வகைகள் வெகுவாகச் சுருங்கிவிடும்: அவற்றில் ஒன்றான உபுண்டு 2017-இல் வந்த 17.10 பதிப்பிலிருந்து 32 பிட் டெஸ்க்டாப் நிறுவியை வெளியிடுவதில்லை. இன்னொரு வகையான டெபியனில் அத்தகைய நிறுவி கிடைக்கும் கடைசிப் பதிப்பு 2023-இல் வந்த 12. 64 பிட் செயலி என்பதாலேயே எல்லாம் ஓடிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9, செயலியில் எஸ்எஸ்இ 4.2 என்னும் கூடுதல் கட்டளைத் தொகுதி இருப்பதைக் கட்டாயமாக்கியிருப்பதால் கோர் 2 டுவோ செயலியில் இயங்காது. அதே செயலியில் டெபியனின் 64 பிட் பதிப்பு இயங்கும்.

பெரும்பாலான தலைவலி கிராபிக்ஸ் அட்டையில்தான் தொடங்கும். லைவ் பதிப்பின் முனையத்தில் (டெர்மினல்) எல்எஸ்பிசிஐ கட்டளையைக் 'கே' என்ற தெரிவுடன் (lspci -k) இயக்கினால், ஒவ்வொரு சில்லின் கீழும் அதை எந்தக் கர்னல் டிரைவர் இயக்குகிறது என்பது தெரியும்; அந்த வரி இல்லாத சில்லுக்கு டிரைவர் அமையவில்லை என்று கொள்ளலாம். இன்டெல்லின் ஒருங்கிணைந்த கிராபிக்ஸும் பழைய ரேடியான் அட்டைகளும் பெரும்பாலும் கர்னலில் உள்ள திறமூல டிரைவரிலேயே இயங்கிவிடும், ரேடியானுக்கு மட்டும் ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) கோப்புகளும் தேவைப்படும். என்விடியாவின் ஜீபோர்ஸ் 8, 9 வரிசைகளின் கதை வேறு: அவற்றுக்கான 340 டிரைவருக்கு அந்நிறுவனம் 2019 இறுதியோடு ஆதரவை முடித்துக்கொண்டது. புதிய கர்னல்களோடு அதைப் பொருத்த முயன்று நேரத்தை வீணாக்குவதைவிட, நூவோ என்னும் திறமூல டிரைவரே போதும் என்று இருப்பதே மேல். விளையாட்டுகளுக்கு அது போதாது, அன்றாட வேலைக்குப் போதும். திரை கறுத்துப் போனால், தொடக்கப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, கர்னல் வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்பதை ஆங்கில எழுத்துகளில் (nomodeset) சேர்த்துத் தொடங்கிப் பாருங்கள். அது டிரைவரையே ஒதுக்கிவைக்கும் தற்காலிக வழி. அப்படியே விட்டுவிடக் கூடாது.

வைஃபையில் பிராட்காம் சில்லு இருந்தால் எச்சரிக்கை தேவை. பி43 டிரைவர் கர்னலில் உண்டு, ஆனால் அதற்கான ஃபர்ம்வேரைத் தனியே இணையத்திலிருந்து இறக்க வேண்டும். வைஃபை வேலை செய்ய இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்ற இந்த வேடிக்கையான முடிச்சை அவிழ்க்க, நிறுவும்போது ஈதர்நெட் கேபிளைச் செருகிவிடுவதே எளிய வழி.

கேபிள் வழி இணையம் இருந்தும் மென்பொருள் இறக்கும்போது சான்றிதழ் பிழை வந்தால் டிரைவரைச் சந்தேகிக்கும் முன் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கே வராதவையாகக் கணினிக்குத் தோன்றும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தபின் மீண்டும் இறக்கிப் பாருங்கள்.