காட்ஃபாதர்ல ஃப்ரெடோவ மட்டும் பாக்குறது எப்படி

மொதல்லயே சொல்லிடறேன், காட்ஃபாதர் மொத ரெண்டு பாகத்தையும் ஒரு தடவையாவது முழுசா பாத்தவங்களுக்குத்தான் இது. பாக்கலன்னா போய் பாத்துட்டு வாங்க, ஏன்னா கதையோட முடிச்செல்லாம் கீழ அவுந்து கெடக்கு.

பாத்தவங்ககிட்ட யாரு நடிப்பு புடிச்சுதுன்னு கேட்டா மார்லன் பிராண்டோம்பாங்க, அல் பசீனோம்பாங்க, ரெண்டாம் பாகம்னா ராபர்ட் டி நீரோம்பாங்க. ஃப்ரெடோன்னு சொல்றவங்க ரொம்ப கம்மி. கொர்லியோனே குடும்பத்துல ரெண்டாவது பையன் அவன், சன்னிக்கு தம்பி, மைக்கேலுக்கு அண்ணன். நடிச்சவரு ஜான் கஸால். அவரு நடிப்புல முக்காவாசி அடுத்தவங்க பேசிட்டு இருக்கும்போதுதான் நடக்குது, நம்ம கண்ணு பேசுறவங்க மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கறதால அது அப்படியே தப்பிப் போயிடுது. அதனால இந்தத் தடவ வசனம் யாரு பேசினாலும் சரி, ஃப்ரேம்ல ஃப்ரெடோ இருந்தா கண்ணு அவன் மேலதான் இருக்கணும். அவ்ளோதான் ரூல். ஆனா அத கடைப்புடிக்கறது சொல்ற அளவுக்கு ஈஸி இல்ல.

ரெண்டு ராத்திரி ஒதுக்கிக்கோங்க. மொத படம் மூணு மணி நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் கம்மி, ரெண்டாவது அதவிட கிட்டத்தட்ட அரை மணி நேரம் கூட. ராத்திரின்னு ஏன் சொல்றேன்னா கேமராமேன் கார்டன் வில்லிஸ் வேணும்னேதான் பாதி முகத்த இருட்டுல விட்டு எடுத்திருக்காரு, பகல்ல ஜன்னல தொறந்து வச்சிக்கிட்டு போன்ல பாத்தீங்கன்னா ஓரத்துல நிக்கிற ஆளு வெறும் கறுப்பு உருவமாத்தான் தெரிவான், ஃப்ரெடோ பாதி நேரம் அந்த ஓரத்துலதான் நிப்பான். லைட்ட அணைச்சிட்டு உங்ககிட்ட இருக்கறதுலயே பெரிய ஸ்க்ரீன்ல போடுங்க. அடுத்தது சப்டைட்டில ஆஃப் பண்ணுங்க, கதைதான் ஏற்கனவே தெரியுமே, எழுத்து ஓடுனா கண்ணு தானா கீழ போயிடும்.

மொத படத்துல அவன் வர்ற சீன் கம்மி. கல்யாண வீட்டுல போதையில வந்து மைக்கேலையும் அவன் காதலி கேவையும் பாத்து குசலம் விசாரிப்பான், அத சும்மா ஒரு தடவ பாத்துக்கோங்க, இந்த ஆளு வீட்டுல யாருக்கும் தொந்தரவு இல்லாதவன், யாரும் பெருசா கண்டுக்காதவன்னு அங்கயே தெரிஞ்சிடும். நிறுத்தி பாக்க வேண்டியது அப்பாவ, அதான் பிராண்டோ நடிச்ச டான, சுடற எடம். டிரைவர் பாலி அன்னிக்கு ஒடம்பு சரியில்லன்னு வரல, அதனால காரு பக்கத்துல ஃப்ரெடோ இருப்பான், அப்பா பழம் வாங்க நிப்பாரு. துப்பாக்கி சத்தம் கேட்டதும் எல்லாரும் பிராண்டோவையும் கீழ உருள்ற ஆரஞ்சுப் பழத்தையும்தான் பாப்போம். நீங்க ஃப்ரெடோ கைய பாருங்க. துப்பாக்கிய எடுப்பான், அது கையில நிக்காது, நழுவும், புடிக்கப் பாப்பான், மறுபடியும் நழுவும். ஒரு குண்டு கூட வெளிய வராது. அதுக்கப்புறம் ரோட்டோரம் உக்காந்து பாப்பா பாப்பான்னு அழுவான் பாருங்க, வளந்த ஆளு ஒருத்தன் அப்படி ஒரு சின்னப்பையன் கொரல்ல அழறத நான் வேற எந்த கேங்ஸ்டர் படத்துலயும் பாத்ததில்ல. இந்த சீன மூணு தடவ ஓட்டுங்க, மொத தடவ கை, ரெண்டாவது தடவ வாய், மூணாவது தடவ சத்தம் மட்டும்.

அடுத்தது லாஸ் வேகஸ். தம்பி வரான்னு பேண்டு, பொண்ணுங்க எல்லாம் ஏற்பாடு பண்ணி வச்சிருப்பான், மைக்கேல் வந்ததும் இதெல்லாம் வெளிய அனுப்புன்னு சொல்லிடுவான். அந்த நொடி ஃப்ரெடோ முகத்துல சிரிப்பு உடனே போகாது, கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும், அதுக்கப்புறம்தான் எறங்கும். சூதாட்ட ஹோட்டல் நடத்தற மோ கிரீன் உள்ள வந்தப்புறம் இன்னும் கவனமா பாருங்க. எங்க அண்ணன நாலு பேரு முன்னாடி அறைஞ்சியாமேன்னு மைக்கேல் கேப்பான், அதுக்கு ஃப்ரெடோவே குறுக்க புகுந்து, அதெல்லாம் ஒண்ணுமில்ல மைக், மோ அப்படி நெனச்சு பண்ணலன்னு சமாதானம் சொல்லுவான். அடி வாங்குனவனே அடிச்சவனுக்கு வக்காலத்து வாங்கறான், ரெண்டு பக்கமும் நல்ல பேரு வேணும் அவனுக்கு. கடைசில குடும்பத்துக்கு எதிரா இனிமே யார் பக்கமும் நிக்காதன்னு மைக்கேல் எச்சரிப்பான், அப்ப வசனத்த கேக்காதீங்க, ஃப்ரெடோ அத வாங்கிக்கற விதத்த பாருங்க. ரெண்டாம் பாகம் முழுக்க அந்த ஒரு வாங்கல்லதான் வெதைச்சிருக்கு.

மொத ராத்திரி இதோட போதும். நடுவுல இந்த ஆளப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சிக்கோங்க, அடுத்த நாள் பாக்கும்போது உதவும். ஜான் கஸால் 1935ல மாசசூசெட்ஸ்ல பொறந்தவரு, நாடகத்துலருந்து வந்தவரு, அல் பசீனோவோட ஏற்கனவே மேடையில நடிச்சவரு, 1968ல ரெண்டு பேருமே ஒரே நாடகத்துக்காக ஓபி விருது, அதான் நியூயார்க்ல சின்ன மேடை நாடகங்களுக்கு குடுக்கற விருது, வாங்கினாங்க. திரையில அண்ணன் தம்பியா நிக்கும்போது ஒருத்தர் மூச்ச ஒருத்தர் தெரிஞ்சு நிக்கிற மாதிரி இருக்கே, அதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன். மொத்தம் அஞ்சே அஞ்சு முழுநீளப் படம்தான். 1972ல காட்ஃபாதர், 1974ல த கான்வர்சேஷன், அதே வருஷம் காட்ஃபாதர் ரெண்டாம் பாகம், 1975ல டாக் டே ஆஃப்டர்நூன், 1978ல த டீர் ஹன்டர். அஞ்சுமே சிறந்த படத்துக்கான ஆஸ்கர் நாமினேஷன் வாங்கிச்சு, அதுல மூணு ஜெயிச்சிது. அவருக்கு ஒரு நாமினேஷன் கூட இல்ல. ரெண்டாம் பாகத்துல துணை நடிகர் பிரிவுல மட்டும் ராபர்ட் டி நீரோ, லீ ஸ்ட்ராஸ்பெர்க், மைக்கேல் வி. காஸோன்னு மூணு பேர் போனாங்க, டி நீரோ ஜெயிச்சாரு, அதே படத்துல இருந்த கஸால் பேரு லிஸ்ட்லயே இல்ல. எனக்கு இது இன்னிக்கும் ஆறாத விஷயம். டீர் ஹன்டர் நடிக்கும்போதே அவருக்கு நுரையீரல் புத்துநோய், படம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே 1978 மார்ச்ல 42 வயசுல போயிட்டாரு.

சரி, ரெண்டாவது ராத்திரி. இங்க வரிசை முக்கியம், டி நீரோ வர்ற பழைய கதைய வேணும்னா இந்த ஒரு தடவ தள்ளி விட்டுடுங்க. டஹோ ஏரிக்கரை விருந்துல ஃப்ரெடோ பொண்டாட்டி டியன்னா குடிச்சிட்டு கலாட்டா பண்ணுவா, இவனால அடக்க முடியாது, மைக்கேலோட ஆளு ஒருத்தன் வந்து உன்னால முடியலன்னா நான் பாத்துக்க வேண்டியிருக்கும்னு சொல்லுவான், இவனும் சரி நீயே பாத்துக்கோன்னு ஒத்துக்குவான். கோவமே வராது பாருங்க, வெறும் அசதிதான். அன்னிக்கு ராத்திரி மைக்கேல் மேல கொலை முயற்சி நடந்தப்புறம் ஃப்ரெடோவுக்கு ஒரு போன் வரும், சின்ன சீன், விட்றாதீங்க, பயத்துல கிசுகிசுன்னு பேசுவான், நீங்க எங்கிட்ட பொய் சொல்லிட்டீங்கன்னு. மொத தடவ பாக்கும்போது எனக்கு இது புரியவே இல்ல.

அப்புறம் ஹவானா. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வெளிய உக்காந்து குடிப்பாங்க, ஃப்ரெடோ வாழைப்பழ டைக்கிரி கேப்பான். நம்ம ஏன் முன்னாடியே இந்த மாதிரி உக்காந்து பேசலன்னு அவன் கேக்கற எடத்துல நிறுத்துங்க. தம்பிக்கு துரோகம் பண்ணவன், அதே சமயம் தம்பியோட ஒரு மணி நேரம் கெடைச்சதுக்கு நெஜமாவே சந்தோஷப்படறான், ரெண்டுமே ஒரே மூஞ்சில இருக்கு. நடிப்பு படிக்கற பசங்க யாராவது இத படிச்சா சொல்றேன், கஸால் இங்க எதையும் மறைக்கிற மாதிரி நடிக்கல, திருட்டு முழி முழிக்கல, சந்தோஷத்த மட்டும் நடிக்கிறாரு, குத்தம் நமக்கு தெரிஞ்சதால அது தானா மேல வருது.

அதுக்கப்புறம் அந்த கிளப் காட்சி, இங்க மட்டும் ரூல மாத்துங்க. மைக்கேலோட எதிரி ஹைமன் ராத்தோட ஆளு ஜானி ஓலாவ எனக்கு தெரியாதுன்னு சொன்னவன், குடிபோதையில இந்த எடத்துக்கு ஜானி ஓலாதான் என்ன கூட்டிட்டு வந்தான்னு உளறிடுவான். அப்ப பசீனோ முகத்த ஒரு தடவ பாருங்க, ரீவைண்ட் பண்ணி ஃப்ரெடோவ பாருங்க. தன் உசுரே போற வார்த்தைய சொல்லிட்டோம்னு தெரியாம சிரிச்சிக்கிட்டே இருப்பான். புத்தாண்டு ராத்திரி முத்தத்த பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, அதுல ஒண்ணே ஒண்ணு, மைக்கேல் புடிச்சு வச்சிருக்கும்போது ஃப்ரெடோ கண்ணுல புரிஞ்சது எப்போன்னு கண்டுபுடிங்க, அது போதும்.

இப்ப முக்கியமான சீன். ஏரிக்கரை வீடு, ஜன்னலுக்கு வெளிய பனி, ஃப்ரெடோ ஒரு சாய்வு நாற்காலில கிட்டத்தட்ட படுத்த மாதிரி கெடப்பான், மைக்கேல் நின்னுட்டு இருப்பான். மொதல்ல சவுண்ட மியூட் பண்ணி பாருங்க. அந்த நாற்காலிதான் பாதி நடிப்பு, கோவம் வரும்போது ஒடம்பு எழும்பப் பாக்கும், கை ரெண்டும் காத்துல வீசும், ஆனா நாற்காலி திரும்ப இழுத்துக்கும், கத்தறவன் படுத்துக்கிட்டே கத்தறான். அப்புறம் கண்ண மூடிக்கிட்டு சவுண்ட மட்டும் கேளுங்க. நான் உன் மூத்தவன், என்னத் தாண்டி போயிட்டாங்கன்னு சொல்லுவான், இங்கிலீஷ்ல மூத்தன்னு ஒரு வார்த்தைய தனியா சேத்துதான் சொல்ல வேண்டியிருக்கு, நமக்கு அண்ணன்ங்கற ஒரே சொல்லுல அந்த மரியாதை, வயசு, உரிமை எல்லாம் இருக்கு, அதனாலயோ என்னவோ, இந்த சீன் தமிழ்ல யோசிச்சா இன்னும் ஆழமா குத்துது. நான் முட்டாள் இல்ல, எனக்கும் மரியாதை வேணும்னு சொல்லும்போது கொரல் ஒடையற எடத்த கவனிங்க, சரியா மரியாதைங்கற எடத்துலதான்.

எங்க வீட்டுல நான் கடைசிப் பையன். வீடு கட்டறதுலருந்து தங்கச்சி கல்யாணம் வரைக்கும் அப்பா எங்கிட்டதான் யோசனை கேப்பாரு, அண்ணன் ஓரமா உக்காந்து பேப்பர பெரட்டிட்டு இருக்கும். இந்த சீன் பாத்தப்புறம்தான் அது ஒரு பக்கத்தையே ரொம்ப நேரமா பாத்துட்டு இருந்துச்சேன்னு எனக்கு ஞாபகம் வந்துச்சு.

அம்மா சாவுல மைக்கேல் வந்து கட்டிப் புடிப்பான், ஃப்ரெடோ அப்படியே சாஞ்சுக்குவான், மைக்கேல் தோளுக்கு மேல தன்னோட அடியாள் நேரிய பாக்கறது ஃப்ரெடோவுக்கு தெரியாது. அதுக்கப்புறம் மைக்கேலோட பையன் ஆண்டனிக்கு மீன் புடிக்க சொல்லிக்குடுப்பான், அருள்நிறை மரியே ஜெபம் சொன்னா மீன் மாட்டும், சின்ன வயசுல எங்க வீட்டுலயே நான் மட்டும்தான் புடிச்சேன்னு ரகசியம் மாதிரி சொல்லுவான். படம் முழுக்க அவன் பெருமையா சொல்லிக்கற ஒரே ஜெயிப்பு அது. படகுல அதே ஜெபத்த சொல்லிட்டு இருக்கும்போதுதான் சுடறாங்க, கேமரா தூரத்துலருந்து பாக்குது, அதனால அங்க முகத்த தேடாதீங்க, கொரல மட்டும் புடிச்சிக்கோங்க.

இங்க நெறைய பேரு ரிமோட்ட எடுத்துடுவாங்க. எடுக்காதீங்க, இன்னும் ஒரு சாப்பாட்டு மேஜை பாக்கி இருக்கு. 1941 டிசம்பர், அப்பாவுக்கு பொறந்தநாள், மைக்கேல் ராணுவத்துல சேந்துட்டேன்னு சொல்லுவான். சன்னி திட்டுவான், அந்த வீட்டுல வளர்ப்புப் பையன் மாதிரி இருக்கற டாம் ஹேகன், அப்பா உனக்கு வேற திட்டம் வச்சிருந்தாருன்னு பேசுவான். கண்ண எங்கயும் திருப்பாம ஃப்ரெடோ மேலயே வச்சிருங்க. அந்த மேஜையிலயே அவன் ஒருத்தன்தான் தம்பிக்கு கை குடுத்து வாழ்த்து சொல்லுவான், அதுக்கும் சன்னி எரிஞ்சு விழுவான்.