கேபிளைக் கழற்றியும் தீர்ந்துபோன பேஸ் கிட்டார் பேட்டரி
என் ஆக்டிவ் பேஸில் (உள்ளே பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப், அதாவது ஒலி சிக்னலைப் பெருக்கும் சிறு சர்க்யூட் உள்ள பேஸ் கிட்டாரில்) புது 9 வோல்ட் பேட்டரி மூன்றே வாரத்தில் தீர்ந்துவிடும், இத்தனைக்கும் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுவேன். பேட்டரி பிராண்டை மாற்றினேன், அப்புறம் பிரீஆம்பைச் சந்தேகித்தேன். கேபிள் செருகும் ஜாக்கை கிட்டாரிலிருந்து வெளியே இழுத்து, கேபிள் இல்லாமலே பேட்டரி வயரில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்தால் 0! அதையே திரும்ப உள்ளே பொருத்தி அளந்தால் 1 மில்லி ஆம்பியர். இந்த ஸ்டீரியோ ஜாக்கில் பேட்டரி மைனஸ் வருவது நடுவளையத்துக்கு, கேபிளின் மோனோ பின் நுழைந்தால் மட்டும்தான் அது கிரவுண்டோடு சேர்ந்து மின்சாரம் ஓட வேண்டும். ஆனால் நட் தளர்ந்து ஜாக் சுழன்றதில், அந்த வளையத்தின் கால் (வயரைப் பற்றவைக்கும் உலோக முனை), இரைச்சலைத் தடுக்க உள்ளே ஒட்டியிருந்த செப்புத்தாளைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, செப்புத்தாளும் கிரவுண்டுதானே. ஜாக்கைத் திருப்பி, காலுக்கு ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூட்டில் சுருங்கி மூடிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) மாட்டி, நட்டை இறுக்கினேன். நான்கு நாள் அலைச்சல் முடிந்ததில் பெரிய நிம்மதி, கேபிள் இல்லாதபோது மீட்டர் இப்போது 0 காட்டுகிறது.