விமான மரமும் போலி அசோகும்: மரப் பெயர்களில் வழுக்கும் இடங்கள்

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன், பட்டை திட்டுத் திட்டாக உரிந்து நின்ற ஒரு சாலையோர மரத்தைப் படமெடுத்து காரைக்குடிக்கு அனுப்பினான். கூட வந்த ‘லண்டன் பிளேன்’ என்ற ஆங்கிலப் பெயரை அலைபேசியில் தமிழாக்கிப் பார்த்தால் ‘லண்டன் விமான மரம்’! வளவில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, “மரத்தையுமா விமானத்துல ஏத்திட்டாக?” என்று கேட்டார்.

இந்த ‘பிளேன்’ விமானம் அல்ல. இந்த மரவகையின் அறிவியல் பேரினப் பெயரான பிளாட்டனஸ் தேய்ந்து வந்த சொல். மூலம் கிரேக்கம், ‘அகன்றது’ என்று பொருள்.

இதைவிடப் பெரிய குழப்பம் சிக்கமோர். அமெரிக்காவில் அந்தப் பெயர் பிளாட்டனஸ் ஆக்சிடென்டாலிஸைக் குறிக்கும், அதாவது பிளேன் மரத்தையே. இங்கிலாந்தில் அதே சொல்லுக்கு ஏசர் சூடோபிளாட்டனஸ் என்ற மேப்பிள். ‘போலிப் பிளாட்டனஸ்’ என்று பெயரிலேயே ஒட்டியிருக்கிறது. ஆங்கில விவிலியத்தில் இயேசுவைப் பார்க்க சகேயு ஏறிய ‘சிக்கமோர்’ மரமோ அத்தி வகை, ஃபைக்கஸ் சிகோமோரஸ். தமிழ் விவிலியம் ‘காட்டத்தி’ என்றே எழுதிவிட்டதால் நமக்கு அங்கே குழப்பமில்லை. சந்தேகம் வந்தால் கிளையைப் பாருங்கள்: பிளேனில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்று, மேப்பிளில் எதிரெதிர் ஜோடி. பிளேன் காய் உருண்டையாகத் தொங்கும், மேப்பிள் காய்க்குச் சிறகு இருக்கும்.

லண்டன் மரத்தின் பெயர் பிளாட்டனஸ் × அசெரிஃபோலியா. நடுவில் இருப்பது ‘எக்ஸ்’ அல்ல, பெருக்கல் குறி. பிளாட்டனஸ் ஓரியன்டாலிஸ், பிளாட்டனஸ் ஆக்சிடென்டாலிஸ் என்ற இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு எழுதினால் பிறப்பே மறைந்துபோகும். × ஹிஸ்பானிகா என்று எழுதியிருந்தாலும் அதே மரந்தான். ‘ஸ்பெயினுடையது’ என்ற பொருளை நம்பி அதன் ஊரைத் தேட வேண்டாம். 1753இல் லின்னேயஸ் பெயர் வைத்த ஓரியன்டாலிஸின் ‘கிழக்கு’ ஐரோப்பியர் பார்வையில் கிழக்கு: பால்கன் தொடங்கி மேற்காசியா. காஷ்மீரின் சினார் இந்த இனமே.

நம்மூர்த் தவறுகளும் உண்டு. வீட்டுத் தூண் பர்மா தேக்கு என்பதால் அது தனி இனம் என்று பலர் நினைக்கிறார்கள். கேரளத்து நிலம்பூர்த் தேக்கும் அதுவும் ஒரே டெக்டோனா கிராண்டிஸ். அந்த டெக்டோனாவே ‘தேக்கு’ என்ற தென்னாட்டுச் சொல்லிலிருந்து போனது.

அசோக மரம் என்று நாற்றுப் பண்ணையில் கொடுப்பது பெரும்பாலும் நெட்டிலிங்கம். உண்மையான அசோகு சராகா அசோகா, ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். எங்கள் வீட்டு முகப்புக்குப் பக்கத்தில் வைத்தது வெளிர்பச்சையாகப் பூத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.